மை நகம்

ஓட்டு எண்ணிக்கையைப் பாதியில் நிறுத்திவிட்டு, பழைய ஜனாதிபதியே மறுபடி ஜெயித்ததாக ரேடியோவில் சொன்னார்கள். யாரும் கத்தவில்லை. மை வைத்த விரலில் மட்டும் நகம் வெட்டுவதை ஊரே நிறுத்திக்கொண்டது. நகம் வளர வளர மை நுனிக்கு ஏறியது. கடைசியில் அதை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது.

சோதனைச் சாவடியில், கழுத்தில் இஞ்சு டேப்போடு பூரணவல்லி கையை நீட்டினாள்.

"தைக்கறப்ப துணியில மாட்டிக்காதாம்மா இது?" என்றான் சிப்பாய்.

"மாட்டிக்குது. எண்ணி முடிக்கட்டும், வெட்டிடறேன்."

அவன் நகவெட்டியை எடுத்தான். உறை போட்ட கைக்கு அவள் விரல் வழுக்கியது. இடது உறையைக் கழற்றினான். அவன் சுட்டுவிரல் நகமும் நீண்டிருந்தது, நுனியில் மையோடு.

அவள் அதைப் பார்த்ததும் அவன் நகவெட்டியை மடக்கி வைத்தான்.

உறையை அவன் திரும்ப மாட்டவில்லை. "அடுத்தவங்க வாங்க" என்றான்.