வியாழக்கிழமைக் கேள்வி

“சனிக்கிழமை எங்கனா போறீங்களாம்மா?”

தோசைக்கல்லைத் துடைத்தபடியே கேட்டாள், சமையல் வேலைக்கு வரும் எல்லம்மா.

பிளஸ்ஸி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எங்கேயும் இல்லக்கா. வீட்லதான்.”

“ரெண்டு வாரமா வூட்டுக்குள்ளயே கீறீங்களே. சாரும் பாவம், எந்நேரமும் ஆபீசு ஆபீசுன்னு. மகாபலிபுரமாச்சும் போய்ட்டு வாங்களேன். காத்தாட இருக்கும்.”

“பாக்கலாம்.”

“பாக்கலாம்னா... போவீங்களா, மாட்டீங்களா?”

“போகலக்கா! எத்தனை தடவை சொல்றது?”

எல்லம்மா கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினாள்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் உள்ளறையிலிருந்து ஷெர்வின் சிரித்துக்கொண்டே வந்தான். “உன் டூர் ஏஜென்ட் போயாச்சா?”

“வியாழக்கிழமை ஆனா இதே பாட்டு. வேலைக்குச் சேர்ந்து அஞ்சு மாசம் ஆகுது, ஒரு வாரம் தவறல. நாம எங்க போனா இவங்களுக்கு என்ன?”

“வேறென்ன, மட்டம் போடத்தான். சனிக்கிழமை நாம இல்லன்னு முன்னாடியே தெரிஞ்சா, வெள்ளிக்கிழமையும் ஒரு தலைவலி வந்துடும் பாரு.”

“அதான் நான் வாயைத் திறக்கல.”

சிங்கப்பூரில் இருந்த எட்டு வருடமும் ஆறு மாதம் முன்பே டிக்கெட் போட்டு, நிமிடக் கணக்கில் ஊர் பார்த்து அலுத்துப்போனவர்கள் இருவரும். சேலையூரில் வீடு எடுத்ததும் செய்த முதல் முடிவு, இனிமேல் ப்ளான் கிடையாது. விடிகாலையில் தோன்றினால் காரை எடுப்பார்கள். எங்கே என்கிற பேச்சே வண்டலூர் வந்த பிறகுதான். இடது பக்கம் திரும்பினால் கடல். வலது பக்கம் காஞ்சிபுரம். நேராகப் போனால், எங்கே பசிக்கிறதோ அந்த ஊர்.

“அதுதான்டா பயணம்” என்று ஷெர்வின் நண்பர்களிடம் சொல்லாத நாளில்லை.

இந்த முறை மட்டும் பத்தாவது திருமண நாள். கடலைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று பிளஸ்ஸி இருபது நாளைக்கு முன்பே பாண்டிச்சேரியில் புக் செய்திருந்தாள்.

“கொள்கையைக் கைவிட்டுட்டியே!” என்று ஷெர்வின் கேலி செய்தான்.

“நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியப்போகுது?”

சனிக்கிழமை காலை ஆறரை. கார் செங்கல்பட்டைத் தாண்டியபோது போன் அடித்தது. எல்லம்மா. பிளஸ்ஸி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, வூடு பூட்டிகீதே. பெல் அடிச்சு அடிச்சுப் பாத்தேன். யாருக்கனா உடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன்.”

“அச்சோ, சொல்ல மறந்துட்டேன்க்கா. திடீர்னு பாண்டிச்சேரி கிளம்பிட்டோம். நாளைக்கு ராத்திரிதான் வருவோம். உங்களுக்கு ரெண்டு நாள் லீவு, ஜாலியா இருங்க!”

 

“திடீர்னாம்மா கிளம்பினீங்க?”

“ஆமாக்கா. எங்களுக்கே காலைலதான் தோணுச்சு.”

ஷெர்வின் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

“வியாழக்கிழமையே தோணியிருந்தா நல்லா இருந்திருக்கும்மா.”

“ஏன், அதுல என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. எம் பொண்ணு திண்டிவனத்துல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது, ஆறாவது. சனிக்கிழமைதான் பாக்க வுடுவாங்க. அதுக்கும் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள போன் பண்ணி பேர் குடுத்துடணும்.”

தாளம் நின்றது.

“அப்போ இப்பவே கிளம்புங்கக்கா. தாம்பரத்துல பஸ் ஏறினா பத்து மணிக்குள்ள போயிடலாமே.”

“பேர் குடுக்காம போனா உள்ள வுட மாட்டாங்கம்மா. போன மாசம் நீங்க ஏலகிரி போனீங்களே, அன்னிக்கும் இப்படித்தான் வூட்டாண்ட வந்தப்புறம் தெரிஞ்சுது. அப்படியே ஓடினேன். மூணு மணி வரைக்கும் கேட்டாண்ட நின்னுட்டுத் திரும்பி வந்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை லீவு கேட்டிருக்கலாம் இல்ல?” பிளஸ்ஸியின் குரல் இறங்கியிருந்தது.

“எந்த நாள் வேணா கேளு, சனி ஞாயிறு மட்டும் லீவு கேக்காதேன்னு சேரும்போதே சொன்னீங்களேம்மா. அதான் நீங்க எப்போ போவீங்கன்னு கேட்டுக்கினே இருந்தேன். ஜூன் மாசம் கொண்டுபோய் வுட்டது. இன்னும் மூஞ்சியப் பாக்கல.”

பிளஸ்ஸிக்கு ‘சாரி’ என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால், அறை புக் செய்த தேதியையும் சொல்ல வேண்டியிருக்கும். ஷெர்வினைப் பார்த்தாள். அவன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சாலையோரப் பச்சைப் பலகையில், திண்டிவனம் அறுபது கிலோமீட்டர் என்று இருந்தது.

“ஐய, நல்லதா ஊருக்குப் போறப்போ நான் வேற எதையோ சொல்லிக்கினு... வுடும்மா. அடுத்த வாட்டி பாத்துக்கலாம். நீங்க சந்தோசமா போய்ட்டு வாங்க” என்றாள் எல்லம்மா. “நீங்க எங்கனா ஊருக்குப் போகணும்னு எம் பொண்ணு அங்க தெனம் சாமி கும்பிடுதும்மா.”