பதினெட்டு மூச்சு

பதினெட்டு.

மறுபடியும் பதினெட்டுதான்.

அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பவர்களுக்கு நாடி பிடிப்பதாகத் தெரியும். நாடியை எண்ணி முடித்து ஒரு நிமிடம் ஆகியிருந்தது. கையை மட்டும் விடவில்லை. ஓரக்கண்ணால் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் இது ஒரு சின்னக் கள்ளத்தனம். மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் அது இயல்பாக வராது. அதனால் சொல்வதில்லை.

வாரத்தில் மூன்று மதியம், இரண்டிரண்டு மணி நேரம். இந்த வீட்டில் என் வேலை அவ்வளவுதான். கதவு திறந்துவிடும் அவருடைய தம்பிக்கு என் பெயர் இன்னும் தேவைப்படவில்லை.

"அக்கா, உன் பார்ட் டைம் வந்தாச்சு! எந்திரிச்சு ஒழுங்கா உக்காரு" என்று உள்ளே பார்த்துக் கத்துவார். பிறகு செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார்.

என்னை அனுப்பிய இடத்தில் கொடுத்த சீட்டில், வயது எழுபத்தொன்று, ஓய்வு பெற்றவர், நுரையீரல் கோளாறு என்று மட்டும் இருந்தது. சார்ட்டின் தலையில் டாக்டர் தன் கையால் எழுதியிருந்தார். மூச்சு நிமிடத்துக்கு இருபத்தைந்தைத் தாண்டினால் உடனே ஃபோன் செய்யவும், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

அந்த அம்மாவின் பயமும் அதுதான். சனிக்கிழமை மகள் வருகிறாள். நான்கு வருடம் கழித்து வருகிறாள்.

"அவ வர்றப்ப நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கணும். குழாய மாட்டிக்கிட்டுக் கிடக்கக் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

இன்று புதன்.

பதினெட்டு நல்ல எண்தான். எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் போன புதன் பதினெட்டு. வெள்ளி பதினெட்டு. திங்கள் பதினெட்டு. மனுஷ நெஞ்சு என்ன சுவர்க் கடிகாரமா?

நாடி நூற்றுப் பத்தில் ஓடுகிறது. நகங்கள் நிறம் மாறியிருக்கின்றன. ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். மூச்சு மட்டும் எப்படி இத்தனை சமர்த்தாக இருக்கிறது?

ஒரு வாரமாக இது மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. என் கடிகாரத்தின் மேல் சந்தேகப்பட்டு, சமையலறைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. தூங்கும் தம்பியின் மூச்சை எண்ணினேன். முதலில் பதினைந்து, அடுத்த நிமிடம் பதினேழு. குறட்டை விடுகிறவருக்கே மாறுகிறது.

கையை விட்டேன்.

"கை கழுவிட்டு வர்றேன்மா."

வாஷ்பேசின் அறையின் மூலையிலேயே இருந்தது. அதற்கு மேலே கண்ணாடி. குழாயைத் திறந்துவிட்டு, தலையைக் குனிந்தபடி கண்ணை மட்டும் உயர்த்தினேன்.

நான் திரும்பிக்கொண்டதும் அவர் தோள்கள் சரிந்தன. வாய் திறந்தது. கழுத்தெலும்புக்கு மேலே இருக்கும் குழிகள் உள்ளே இழுத்து இழுத்து விட்டன. ஓடி வந்து நின்றவர் மாதிரி மூச்சு வாங்கினார்.

தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன்.

முப்பத்திரண்டு.

பல்லைக் கடித்து அடக்கியிருக்கிறார். அது புரிந்தது. எந்த நிமிடத்தில் அடக்க வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் புரியவில்லை.

குழாயை மூடிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டிருந்தார். புடவை மடிப்புகூட நேராக இருந்தது.

சனிக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்.

பேனாவை எடுத்தேன். என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். சார்ட்டில் நான் இதுவரை பொய் எழுதியதில்லை.

பதினெட்டு என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன்.

அவர் சார்ட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியில பாத்துட்டியா?"

"இல்லைம்மா."

"உனக்குப் பொய் சொல்லவும் வரலடி. இங்க குடு அத."

சார்ட்டை மடியில் வைத்துக்கொண்டார். என் கையிலிருந்த பேனாவையும் வாங்கிக்கொண்டார். கிழித்துப் போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

நான் எழுதிய பதினெட்டின் மேல் ஒரு கோடு இழுத்தார். ஒரே ஒரு கோடு. அடியில் இருக்கும் எண் அப்படியே தெரிந்தது. பக்கத்தில் முப்பத்திரண்டு என்று எழுதினார். நேரம் 15.40 என்று போட்டார்.

அந்த ஒற்றைக் கோட்டைக் குனிந்து பார்த்தேன். வீட்டு மனிதர்கள் தப்பான எண்ணைக் கிறுக்கித்தான் அடிப்பார்கள். அதை மறைக்கக் கூடாது, படிக்கும்படி ஒற்றைக் கோடுதான் போட வேண்டும் என்று எங்களுக்குப் படிக்கும்போதே அடித்துச் சொல்லியிருந்தார்கள்.

"டாக்டருக்கு ஃபோன் பண்ணு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "சனிக்கிழமை... நாலு மணிக்கு மேலதான் வார்டுக்குள்ள விடுவாங்க. அவகிட்ட சொல்லிடு."

ஃபோனைக் காதில் வைத்தேன். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் இன்னும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. திங்கட்கிழமையின் பதினெட்டுக்கு ஒரு கோடு. இருபத்தொன்பது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு கோடு. இருபத்தாறு. போன புதனுக்கு இருபத்துநான்கு. எதற்கும் யோசிக்கவில்லை.

பிறகு, 'செவிலியர் கையொப்பம்' என்று போட்டிருந்த கட்டங்களில், என் கையெழுத்துக்குப் பக்கத்தில், பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் தன் பெயரின் இரண்டெழுத்தைப் போட்டுக்கொண்டே போனார்.