பூனைக்குக் கிடைத்த சம்மதம்

பறவைக் கடையில் ஒரே கூண்டுக்குள் இரண்டு கிளிகளும் ஒரு மைனாவும் இருந்தன. கடைக்காரர் சாப்பிடப் போன நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பூனை வந்து சேர்ந்தது. கூண்டுக் கொக்கி அதன் நகத்துக்கு மசியவில்லை. அதை உள்ளேயிருந்து அலகால் நீக்கத் தெரிந்தது மைனாவுக்கு மட்டும்தான்.

“வெளியே இளவெயில் என்னமா அடிக்குது! வாங்களேன், விளையாடலாம்” என்றது பூனை.

“ஷ்யூர்! அப்சொல்யூட்லி!” என்று கூவியது ஆங்கிலம் படித்த கிளி.

ஸ்பானிஷ் படித்த கிளி விடுமா? “க்ளாரோ! போர் சுபுவெஸ்தோ!” என்று அதைவிடப் பலமாகத் தலையாட்டியது.

யாருடைய ‘நிச்சயமா’ அதிக நிச்சயம் என்று இரண்டுக்கும் சண்டையே வந்துவிட்டது. பூனைக்கு எச்சில் ஊறியது. மைனாவிடம் திரும்பி, “அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?” என்று குழைந்தது.

மைனா சிரித்த முகமாக, “அதுக்கென்ன, பார்க்கலாம்” என்றது.

பூனையின் முகம் தொங்கிப்போனது. எழுந்து நடந்தது.

“நாங்கதான் சரின்னுட்டோமே, ஏன் போறே?” என்று கத்தின கிளிகள்.

“நான் இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவன்” என்றது பூனை, திரும்பாமலே. “அண்ணன் பார்க்கலாம்னுட்டாரு. இனிமே எங்கே நடக்கப் போவுது?”