சரிதானே, வேதவல்லி?

என் கணவர் குணசீலன் வீட்டிலிருந்தே எங்கள் ஊருக்கு ஒரு சிறு வானொலி நடத்தினார். ஒவ்வொரு செய்தியையும் வாசித்து முடித்ததும், "சரிதானே, வேதவல்லி?" என்று கேட்பார். நானும் விசாரித்து அறிந்திருந்தால் மட்டும் அடுப்படியிலிருந்து "சரிதாங்க" என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் ஊர் நம்பும்.

தோல் தொழிற்சாலைக் கழிவு குடிநீரில் கலப்பதை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இறந்ததும் தொழிற்சாலைக்காரர்கள் அந்த அலைவரிசையை ஏலத்தில் எடுத்தார்கள். பழைய ஒலிப்பதிவுகளில் இருந்த அவர் குரலும் அதோடு அவர்கள் கைக்குப் போயிற்று.

ஒரு நாள் பக்கத்து வீட்டு பர்வீன் தெருக்குழாயில் குடம் வைத்திருந்தாள். ஓடிப்போய்த் தடுத்தேன்.

"குடிக்காதடி! புள்ளைக்குப் பால் குடுக்கிறவ நீ."

"நல்ல தண்ணின்னு அண்ணனே சொல்றாருக்கா. கண்ணை மூடினாலும் நமக்காகப் பேசுறாரு, கேளுங்க."

அவள் வீட்டு வானொலியில் அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கணம் எல்லாம் மறந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"குழாய்த் தண்ணீர் சுத்தமானது. பயமில்லாமல் குடிக்கலாம். சரிதானே, வேதவல்லி?"

"பொய்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"சரிதாங்க" என்றது வானொலியில் என் குரல்.

பர்வீன் குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

"அங்க அவ்வளவு நிதானமா சொன்னீங்க. இங்க ஏன்க்கா இப்படிப் பதறுறீங்க?" என்று கேட்டபடி வீட்டுக்குள் போனாள்.