குறட்டை லோவ்ரே

"யாரைக் கேட்டுடா இந்த வார்த்தையைப் போட்டே?"

மரண அறிவிப்புத் தாளை அச்சக மேஜைமேல் ஓங்கி அறைந்தாள் பெரினா. அப்பா செத்த தகவல் கேட்டு அன்று காலைக் கப்பலில்தான் தீவுக்கு வந்திருந்தாள். துறைமுகச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. கிழித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

'லோவ்ரே மார்டினிச்' என்ற பெயருக்குக் கீழே, கொட்டை எழுத்தில் 'குறட்டை'.

"பட்டப்பேர் போடாம எப்படிக்கா?" என்றான் அச்சகக்காரன் யெர்கோ. "இந்தத் தீவுல மூணு லோவ்ரே மார்டினிச். மத்த ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க."

"நக்கலா? செத்தவரைக்கூட விடமாட்டீங்களா? பள்ளிக்கூடத்துல எவன் தூங்கி வழிஞ்சாலும் 'குறட்டை காவல்'னு சொல்லிட்டு என்னைப் பார்த்துத்தானே சிரிச்சீங்க? இன்னிக்குக் கப்பல்ல ஒருத்தன் எந்த மந்திரியையோ அதே வார்த்தையால திட்டிக்கிட்டு வந்தான். அது எங்கேயிருந்து வந்துச்சுன்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்!"

யெர்கோவுக்கும் தெரியும். போர் முடிந்தபின் வந்த பஞ்சத்தில் கூட்டுறவு நிலத்துக்கு லோவ்ரேதான் காவல். பட்டப்பகலில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விடுவார். உருளைக்கிழங்கு களவு போகும். கடைசியில் வேலை போனது. கல் உடைத்தே காலம் தள்ளினார்.

"எங்கம்மா சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதா. வீட்டுல அவர் ஒரு நாள்கூடக் குறட்டை விட்டதில்லை. பூனை நடந்தாலே எழுந்து உட்கார்ந்துடுவார். அவருக்குப் போய் இந்தப் பேரு!"

"தெரியும்க்கா."

"என்ன தெரியும் உனக்கு?"

யெர்கோ கையிலிருந்த மையைத் துணியில் துடைத்தான்.

"எனக்கு அப்போ எட்டு வயசு. குறட்டை கேட்கிற வரைக்கும் கிழங்கு தோண்டலாம். நின்னுச்சுன்னா அதிகாரி வர்றார்னு அர்த்தம். ஓடிடணும்."

பெரினா மேஜைமேல் கிடந்த தாளை அள்ளிக் கசக்கினாள்.

"முப்பது வருஷம்டா! ஒருத்தன் வாயைத் திறக்கலையே!"

"அப்போ சொல்லியிருந்தா அவருக்கு ஜெயில். அப்புறம் சொன்னா..." யெர்கோ தலையைக் குனிந்துகொண்டான். "நாங்கதானே திருடங்க."

அவனை முறைத்தபடியே கசங்கிய தாளை நீவி விரித்தாள்.

"குறட்டை இருக்கட்டும். எடுக்காதே."

"சரிக்கா."

"கீழே துக்கப்படறவங்க வரிசையில என் பேரு மட்டும்தான் இருக்கு. அந்தக் கிழங்கைத் தின்ன அத்தனை பேரையும் போடு. ஒருத்தரையும் விடாதே."

யெர்கோ பேனாவை எடுத்து முதலில் தன் பெயரை எழுதினான். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. பாதியில் நிறுத்தினான்.

"இந்தத் தாள் பத்தாதுக்கா."