சமாதியைச் சுற்றிப் போன ரோடு

"எங்க நைனா சார் இது. இவரு மேலயா ரோடு போடப் போறீங்க?"

குத்தம்பாக்கத்து வயலோரம் வெள்ளையடித்த சமாதியைக் கட்டிக்கொண்டு அழுதான் பூபாலன். பைபாஸ் சாலைக்கு அளக்க வந்த அதிகாரி ஜேம்ஸ் தர்மசங்கடமாக நின்றார். அவர் கையிலிருந்த வரைபடத்தில் சாலை பூபாலனின் வீட்டையும் வயலையும் பிளந்துகொண்டு போனது.

"எப்போ தவறினார்?"

"ரெண்டு வருசம் ஆவுது சார். எங்காளுங்களை சொந்த நெலத்துலதான் பொதைப்போம்."

பக்கத்தில் அவன் தாய் மங்களம் தலைகுனிந்து நின்றாள். அவள் நெற்றியில் துடைத்த குங்குமம் இன்னும் சிவப்பாகத் தீற்றியிருந்தது. ஜேம்ஸ் அதைக் கவனிக்கவில்லை. வரைபடம் பார்க்கிறவர்களுக்கு மனிதர்களைப் பார்க்க ஏது நேரம்.

"வீட்டை இடிச்சா நஷ்டஈடு கொடுத்துடலாம். சமாதியை இடிச்சா ஊரே ரோட்டுல வந்து உட்காரும். எனக்கெதுக்கு வம்பு?" என்று முணுமுணுத்தபடி வரைபடத்திலிருந்த சாலைக் கோட்டை அரசுப் புறம்போக்கு நிலத்தின் பக்கம் வளைத்தார்.

வளைந்த பாதையில் வேலை தொடங்கிய அன்று, பூபாலன் வீட்டு வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. துணிப்பையோடு இறங்கினார் அவன் அப்பா சுப்பராயன்.

மேனாம்பேட்டில் மகள் வீட்டில் ஒளிந்து ஒளிந்தே மனுஷன் அலுத்துப்போயிருந்தார். யோசனை அவருடையதுதான். வெறும் மண்ணைக் குவித்து, செங்கல் அடுக்கி, தன் சமாதிக்குத் தானே வெள்ளையடித்துவிட்டுப் போயிருந்தார். வீடு தப்பினால் போதும் என்பது ஒன்றே அவர் ஆசை.

"ரோடுதான் அந்தாண்ட பூட்ச்சே, இனிமே இன்னா பயம்? மங்களம், சோறு போடு" என்று சிரித்தார்.

ஓடிவந்த மங்களத்தைக் கையை நீட்டித் தடுத்தான் பூபாலன். கேட்டை இழுத்துச் சாத்தினான். இறப்புச் சான்றிதழ் காட்டி, இறந்தவரின் ஒரே மகன் என்று வீடும் நிலமும் போன மாதமே அவன் பேருக்கு மாறியிருந்தன.

"நீ உள்ள வந்தா எல்லாம் பூடும் நைனா. தங்கச்சி ஊட்லயே இரு."

கிழவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மகன் விளையாடுகிறான் என்றுதான் அப்போதும் நினைத்தார்.

"எத்தினி நாளைக்குடா?"

பூபாலன் பூட்டைப் பூட்டினான்.

"நெசமா சாவற வரைக்கும்."