பெயர் எழுத வேண்டாம்

“பேர் எழுதக் கூடாது. யாரு எழுதினதுன்னு எனக்கே தெரியாது. மனசுல இருக்கறதைப் பயப்படாம எழுதுங்க” என்றார் பணியாளர் அதிகாரி.

வேலையில் எவ்வளவு திருப்தி என்று கேட்கும் படிவம், ஆளுக்கு ஒன்று. கழிவுநீர் வாரியத்தின் அந்தப் பம்பிங் நிலையத்துக்கு அப்படிக் கேட்டு ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை.

இருபத்து மூன்று பேரில் எழுதத் தெரிந்தவர் மோட்டார் அறையில் சுவிட்ச் போடுகிற வாத்தி மட்டும்தான். நாற்பது தாண்டி எழுத்துக் கூட்டப் பழகியதால் வந்த பட்டப்பெயர். பல வருடம் சாக்கடைக் குழியில் இறங்கி ஒரு பக்க நுரையீரல் போனதும் மேலே ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். இன்னொரு முறை இறங்கினால் பிணமாகத்தான் தூக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் அறை வாசலில் வரிசை நின்றது.

“வாத்தி, கையுறை கேட்டு ஒரு வருஷம் ஆச்சுன்னு எழுது.”

“குளிக்கத் தண்ணி இல்ல, பஸ்ஸுல பக்கத்துல ஒருத்தன் உக்கார மாட்டேங்கறான். அதையும் போடு.”

“அதுக்கு வாரியம் என்னடா பண்ணும்? உன் மூஞ்சியைப் பார்த்து ஓடியிருப்பான்” என்றபடி வாத்தி அதையும் எழுதினார்.

கடைசியாக வந்தவன் அவர் மனைவியின் தம்பி. போன மாதம் குழிக்குள் மயங்கி விழுந்து, கயிறு கட்டித் தூக்கப்பட்டவன்.

“முகமூடி இல்லாம இறக்கக் கூடாதுன்னு எழுது மாமா. அழுத்தி எழுது. உனக்கென்ன, ஃபேனுக்கு அடியில உக்காந்துட்டே.”

“கண்ணு வைக்காதடா மாப்ளே” என்று சிரித்துக்கொண்டே அழுத்தி எழுதினார்.

விரல்கள் மரத்துப் போயிருந்தன. மிச்சம் இருந்த தன்னுடைய படிவத்தில் ‘எனக்குக் குறை இல்லை’ என்று போட்டு முடித்தார்.

பத்தாம் நாள் அதிகாரி எல்லோரையும் மோட்டார் அறைக்கு முன்னால் நிறுத்தினார்.

“தலைமை அலுவலகத்துல பிரிச்சுப் பார்த்தாங்க. அத்தனையும் ஒரே ஆள் எழுத்து. அதனால இங்க திருப்தி இல்லாதவர் ஒருத்தர்தான்னு எடுத்துக்கிட்டாங்க. வேலை பிடிக்காதவருக்கு வேலையை மாத்திக் கொடுக்கணும்னு புது விதி. இங்க எழுதத் தெரிஞ்சவர் வாத்தி மட்டும்தானே. நாளையிலேருந்து அவர் குழிக்கு.”

“அய்யா, டாக்டர் சீட்டு இருக்குங்க.”

“அது பழைய விதி.”

வாத்திக்கு மூச்சு வாங்கியது. “இவங்க சொல்லச் சொல்ல எழுதினேங்க. என்னுதுல குறை இல்லன்னுதான் இருக்கும். நீங்களே கேளுங்கய்யா.”

அதிகாரி பொறுமைசாலி. “அதுவும் நியாயம்தான். இந்தக் குறையெல்லாம் தன்னோடதுன்னு சொல்றவங்க ஓரடி முன்னால வாங்க. ஒருத்தர் வந்தாக்கூட உத்தரவைக் கிழிச்சுப் போட்டுடறேன்.”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கையுறை கேட்டவன் புண்ணான விரல்களை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

வெகு நேரம் கழித்து மைத்துனன் ஓரடி முன்னால் வந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற வாத்தி கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“சொல்லுப்பா” என்றார் அதிகாரி.

“மோட்டார் ரூம் காலியாகுதுங்களேய்யா, சீனியாரிட்டில அடுத்து நான்தானுங்க.”